வெயிலில் கருத்தவள்

நாலு மணிக்குத்தான் ஆண்களை உள்ளே விடுவார்கள். மூன்றே முக்காலுக்கே பாலகுரு வந்து பெண்கள் தீக்காயப் பிரிவின் கம்பிக் கதவுக்கு வெளியே வந்து நின்றுவிடுவான். காலை ஆறு மணிக்குத் திருத்தங்கலில் அச்சாபீஸ் வேலைக்குப் போய், ஒன்றரைக்கு ஷிப்டு முடித்து, சட்டையில் ஒட்டியிருக்கும் காகிதத் தூசியைத் தட்டக்கூட நிற்காமல் பஸ் பிடித்தால்தான் அந்த நேரத்துக்கு மதுரை வந்து சேர முடியும். செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, அவர்கள் தரும் பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனால் ஆறு மணி வரை இருக்கலாம். இருபத்து மூன்று நாட்களாக இப்படித்தான். அத்தனை நாட்களில் அவன் மனைவி செல்வலட்சுமி அவனிடம் பேசியது பத்து வார்த்தை இருக்காது.

அவள் வேலை பார்த்தது சிவகாசிக்குக் கிழக்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில். திரி சொருகும் அறை. பக்கத்து அறையில் மருந்து கலக்கும்போது உரசித் தீப்பிடித்து வெடித்தது என்றார்கள். மூன்று பேர் அங்கேயே போய்விட்டார்கள். செல்வலட்சுமி வாசலுக்கு நேராக உட்கார்ந்திருந்ததால் வெளியே ஓடி வந்து விழுந்தாள். முகத்தின் இடது பக்கம், கழுத்து, நெஞ்சு, இரண்டு கைகள். முதல் பத்து நாள் அவள் பிழைப்பாளா என்பதே பேச்சாக இருந்தது. பிழைத்துவிடுவாள் என்று டாக்டர் சொன்ன மறுநாள், அணைந்து கிடந்த செல்போனின் கறுப்புக் கண்ணாடியில் அவள் தன் முகத்தைப் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தவள்தான். தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்க வேண்டும், அதற்கு உடம்பில் சத்து வேண்டும், ஒரு நாளைக்கு நாலு முட்டையாவது உள்ளே போக வேண்டும் என்று நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். செல்வலட்சுமியின் அம்மா பஞ்சம்மாள் அவித்த முட்டையை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். செல்வலட்சுமி வாயைத் திறப்பதில்லை. கெஞ்சினால் ஒரு விள்ளல். அதையும் சற்று நேரம் வாயில் வைத்திருந்து துணியில் துப்பிவிடுவாள்.

பாலகுருவுக்குப் பேச வராது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவன் அவளிடம் அதிகம் பேசியது காய்கறியைப் பற்றியும் பஸ் நேரத்தைப் பற்றியும்தான். புதுச் சேலை கட்டி வந்து நின்றால் நிமிர்ந்து பார்த்து, "ம்" என்பான். அதற்கே அவள் முகம் மலர்ந்துவிடும் என்பதை அவன் கவனித்திருக்கிறான். ஆனாலும் அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கத் தோன்றியதில்லை. அவனுக்குக் கட்டிங் மிஷினில் வேலை. மத்தாப்புப் பெட்டிக்கும் சரவெடிக் கட்டுக்கும் ஒட்டுகிற லேபிள்கள் பெரிய தாளில் வரிசை வரிசையாக அச்சாகி வரும். எல்லாவற்றிலும் சிரிக்கிற பெண்கள். சிவந்த உதடும் பெரிய கண்ணுமாக ஆயிரக்கணக்கான பெண் முகங்களை அவன் கத்திக்கு நேராக அடுக்கி வெட்டியிருக்கிறான். கலர் ஒரு மயிரிழை தள்ளி விழுந்திருந்தால் அந்தத் தாள் கழிவுக்குப் போகும். அழகு என்பதைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

வார்டுக்குப் புதன்கிழமைதோறும் ஞானசௌந்தரி டீச்சர் வருவார். ஓய்வுபெற்றவர், வெள்ளைச் சேலை, கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். ஒவ்வொரு கட்டிலாக நின்று, "ஜெபம் பண்ணட்டுமாம்மா?" என்று கேட்டு, சரி என்றால் பண்ணுவார். வேண்டாம் என்றால் ஹார்லிக்ஸ் மட்டும் கரைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். பஞ்சம்மாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. "எந்தச் சாமி கேட்டா என்ன, இருக்கன்குடி மாரியாத்தா கோவிச்சுக்கிட மாட்டா" என்றாள். அந்த வாரம் டீச்சர் தன் வேதப் புத்தகத்தைச் செல்வலட்சுமியின் கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டு, "சும்மா இருக்கும்போது யாராச்சும் வாசிச்சுக் காட்டுங்க. சங்கீதம்னு ஜெபப் பாட்டுக இருக்கு, அதுல ரிப்பன் வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பாலகுரு வந்தபோது மாமியார் டீ வாங்க வெளியே போயிருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தான். செல்வலட்சுமியின் முதுகுதான் தெரிந்தது. கொசுவலைக்குள் அவள் தோளில் சுற்றியிருந்த கட்டு மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கியது. பேச ஒன்றும் இல்லாததால் கை புத்தகத்தை எடுத்தது. அந்தத் தாளைத் தொட்டதும் விரல் நின்றுவிட்டது. அவ்வளவு மெல்லிய தாள் அவன் மிஷினுக்கு வந்ததே இல்லை. எதிர்ப் பக்கத்து எழுத்து நிழலாகத் தெரிந்தது. கட்டைவிரலால் பக்கங்களை விசிறிப் பார்த்ததில் ரிப்பன் நழுவி விழுந்தது. எங்கே வைத்திருந்தார்கள் என்று தெரியவில்லை. நடுவில் ஒரு இடத்தைப் பிரித்து, கேட்கிறாளோ இல்லையோ என்று வாசிக்கத் தொடங்கினான்.

அது டீச்சர் சொன்ன சங்கீதம் இல்லை. ஒரு பாட்டு. ஒருவன் தான் விரும்புகிற பெண்ணைப் பார்த்து அவள் எப்படி இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு போகிறான். கண்ணைச் சொல்கிறான், முடியைச் சொல்கிறான், பல்லைச் சொல்கிறான். ஒவ்வொன்றுக்கும் ஒரு உவமை. பழைய தமிழாக இருந்ததால் பாலகுரு சொற்களை இரண்டாக உடைத்து, பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்திய பையன் மாதிரி வாசித்தான். கூந்தலை வெள்ளாட்டு மந்தைக்கு ஒப்பிட்டிருந்ததைப் படித்தபோது தப்பாக வாசித்துவிட்டோமோ என்று நிறுத்தினான்.

"சரியாத்தான் வாசிச்சீக மாப்ள."

பஞ்சம்மாள் டீ டம்ளரோடு பின்னால் நின்றிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பத்து வருடம் ஆடு மேய்த்தவள். "சாயங்காலம் மேட்டுலருந்து ஆடு எறங்குறதப் பாத்திருக்கீகளா? ஒண்ணு மேல ஒண்ணு வழிஞ்சு, கருகருன்னு, வெயிலு பட்டு மினுமினுன்னு வரும். கண்ணால கண்டவன்தான் எழுதியிருக்கான். செல்விக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றவள், மகளின் தலையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். பாதித் தலை மழித்துக் கட்டுப் போட்டிருந்தது.

பாலகுரு சட்டென்று தொடர்ந்து வாசித்தான். உதடு, கன்னம், கழுத்து. கண் வரிக்கு முன்னால் ஓடியது. அடுத்து என்ன வருகிறது என்று பார்த்ததும் காது சூடானது. வார்டில் எட்டுக் கட்டில்கள். எல்லோரும் பெண்கள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு இரண்டு வரியைத் தாண்டி, அவன் மலைக்குப் போவதாகச் சொல்லும் இடத்திலிருந்து வாசித்தான்.

"தம்பி, தாண்டிட்டீக."

குரல் எதிர்க் கட்டிலிலிருந்து வந்தது. சண்முகத்தாய். காரியாபட்டிப் பக்கத்துக்காரி, நாற்பது வயதிருக்கும். கண்ணும் வாயும் தவிர எல்லாம் வெள்ளைத் துணி.

"இல்லக்கா."

"கழுத்துச் சொன்னான். அப்புறம் நேரா மலைக்குப் போயிட்டான். நடுவுல ஒண்ணுமே இல்லயா அந்தப் புள்ளைக்கு?"

யாரோ சிரித்தார்கள். சிரித்ததில் காயம் இழுத்து, "ஆத்தாடி" என்று முனகினார்கள். முனகலுக்கு நடுவிலேயே இன்னொரு கட்டிலில் சிரிப்பு கேட்டது. பாலகுரு அந்த வார்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றுதான். செல்வலட்சுமி அசையவில்லை. ஆனால் மூச்சு நின்று நின்று வந்ததை அவன் கவனித்தான்.

அதற்குப் பிறகு நாலு மணிக்கு அவன் உள்ளே நுழைந்ததும், "பாட்டுக்காரர் வந்துட்டாரு" என்று சண்முகத்தாய் சொல்வாள். மற்ற கட்டில்காரர்கள் தங்கள் ஆட்களிடம் பேசுவதைக் கொஞ்சம் தணித்துக்கொள்வார்கள். அந்தப் பாட்டு பெரியதல்ல. ஐந்தாறு தாள்தான். இரண்டே நாளில் முடிந்துவிடும். முடிந்ததும் அதே இடத்திலிருந்து மறுபடி தொடங்குவான். சண்முகத்தாய்க்குப் பிடித்த ஒரு இடம் உண்டு. அதைத்தான் கேட்பாள். பாட்டில் வருகிறவன் இரவில் பனியில் நனைந்து வந்து கதவைத் தட்டுகிறான். அவள் படுத்துவிட்டாள். காலைக் கழுவியாயிற்று, மறுபடி எழுந்திருக்க வேண்டுமா என்று சுணங்குகிறாள். பிறகு மனம் கேட்காமல் எழுந்து திறந்தால், வாசலில் ஆள் இல்லை. தெருத்தெருவாகத் தேடிப் போகிறாள். காவல்காரர்கள் அவளை அடிக்கிறார்கள்.

"நானும் தெறக்கல தம்பி" என்றாள் ஒருநாள். ஸ்டவ் வெடித்தது என்றுதான் அவள் போலீசுக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். வார்டில் யாரும் அதை நம்பவில்லை, யாரும் கேட்கவுமில்லை. "எங்க வீட்டுக்காரரு ரொம்ப நேரம் தட்டுனாரு. வாசல்ல நின்னு பேரச் சொல்லிக் கூப்புட்டாரு. வீம்புக்குப் படுத்துக் கெடந்தேன். அப்புறம் எந்திரிச்சுத் தெறந்தா ஆளக் காணும். எவ வீட்டுக்குப் போனாருன்னு எனக்குத் தெரியும். அதுக்குப் பெறகு நடந்ததுக்குத்தான் இங்கன கெடக்கேன்." பிறகு, "அவன் திரும்பி வந்தானா? அதுல போட்டிருக்கா?" என்று கேட்டாள்.

பாலகுரு பக்கங்களைப் புரட்டினான். அடுத்த தாளிலேயே இருவரும் பேசிக்கொள்வது போல இருந்தது. ஆனால் எப்போது வந்தான், எப்படி வந்தான் என்று இல்லை. பாட்டு அப்படித் தாவித் தாவித்தான் போகிறது. "நாளைக்குப் பாத்துச் சொல்லுதேன்க்கா" என்றான். அவள் புருஷன் அந்த ஒரு மாதத்தில் ஒருநாளும் வரவில்லை. தங்கச்சிதான் கூட இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாலகுருவின் அக்கா லட்சுமிகாந்தம் திருத்தங்கலிலிருந்து பார்க்க வந்தாள். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தாள். கட்டிலருகே நின்று அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை. வெளியே வராந்தாவில் பஞ்சம்மாளிடம், "எங்க தம்பிக்கு முப்பத்தி நாலுதான் ஆகுது அத்தை. புள்ளயும் இல்ல. நாங்க அவசரப்படல. ஆனா நீங்களும் யோசிக்கணும்ல" என்றாள். தணிந்த குரல்தான். ஆனால் அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் செல்வலட்சுமியின் கட்டில்.

மறுநாள் அவன் புத்தகத்தைப் பிரித்து முதல் வரியை வாசிக்கும் முன்னே அவள் பேசினாள். சுவரைப் பார்த்தபடிதான்.

"எனக்கு அத வாசிக்காதீக."

அவன் நிறுத்தினான்.

"அது நல்லா இருக்கிறவளுக்கு எழுதுனது. கண்ணு, மூக்கு, கன்னம்னு ஒவ்வொண்ணாச் சொல்லுதான். எனக்கு அதெல்லாம் எங்க இருக்கு? கேலி பண்ணுத மாதிரி இருக்கு." குரல் கட்டையைத் தரையில் இழுப்பது போல வந்தது. புகையில் தொண்டையும் புண்ணாகியிருந்தது. "புள்ளயும் பெத்துக் குடுக்கல. மூஞ்சியும் போச்சு. அன்னாடம் அம்புட்டுத் தூரம் பஸ்ஸு ஏறி எதுக்கு வாரீக? ஊர் என்ன சொல்லும்னா?"

இல்லை என்று சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. அதோடு இன்னும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்தது. கடைசியில், "பஸ்ஸு கூட்டமில்ல" என்றான். அவள் முகத்தை இன்னும் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டாள். ஆறு மணி வரை ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தான். எதிர்க் கட்டிலிலிருந்தும் அன்று யாரும் பாட்டுக் கேட்கவில்லை.

போகும்போது மாமியாரிடம் கேட்டு அந்தப் புத்தகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டான். பஸ் திருமங்கலம் தாண்டியதும் ஜன்னலோர இடம் கிடைத்தது. தலைக்கு மேல் பஸ்ஸின் விளக்கு எரிந்தது. ஏன் எடுத்தோம் என்று அவனுக்கே தெளிவாகத் தெரியவில்லை. திருப்பித் தந்துவிடலாம் என்றிருந்தானோ என்னவோ. மடியில் வைத்துப் பிரித்தபோதுதான், அந்தப் பாட்டை நடுவிலிருந்தே வாசித்து வந்திருக்கிறோம், தொடக்கத்தை ஒருநாளும் பார்க்கவில்லை என்று உறைத்தது. முன்னால் திருப்பினான். தொடக்கத்தில் பேசுகிறவன் அவன் இல்லை. அவள். அவளே தன்னைப் பற்றிச் சொல்கிறாள். பாலகுரு அந்த இரண்டு வரியை விருதுநகர் வந்து சேரும் வரை திரும்பத் திரும்ப வாசித்தான். மார்க்கெட் பக்கம் பஸ் நின்றபோது வற்றல் மிளகாய் நெடி ஏறி எல்லோரும் தும்மினார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தான்.

மறுநாள் வார்டுக்குள் நுழைந்ததும் ஸ்டூலை இழுத்து, கட்டிலைச் சுற்றிச் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் போட்டு உட்கார்ந்தான். அவள் முகத்துக்கு நேராக. அவள் கட்டுப் போட்ட வலது கையைத் தூக்கி முகத்தை மறைக்கப் பார்த்தாள். வலித்தது. பாதியில் கை நின்றது.

"பாக்காதீக."

"அவளும் அதத்தான் சொல்லுதா" என்றான்.

"எவ?"

"பாட்டுல வாரவ. மொதப் பக்கத்துலயே சொல்லுதா. நான் நேத்துதான் பாத்தேன். நான் கருத்துப் போயி இருக்கேன், என்னப் பாக்காதீகன்னு சொல்லுதா. வெயிலு என்னத் தீச்சுப்புட்டுன்னு." மூச்சு வாங்கினான். அவ்வளவு நீளமாக அவன் பேசிப் பழக்கமில்லை. "அவ கூடப் பொறந்தவனுக அவளத் தோட்டக் காவலுக்கு அனுப்பியிருக்கானுக. அடுத்தவுக தோட்டம். அங்கன நின்னு நின்னு கருகிப் போயிட்டா. தன்னோட தோட்டத்த ஒழுங்காப் பாக்க முடியலன்னு சொல்லுதா. அதுக்கப்புறம்தான், புள்ள, அவன் வந்து கண்ணு, முடி எல்லாம் சொல்லுதது. அப்படி இருக்கிறவளப் பாத்துத்தான் சொல்லுதான்."

செல்வலட்சுமியின் இடது கண்ணிமை கீழே இழுத்துக்கொண்டிருந்ததால் அந்தக் கண்ணை அவளால் முழுதாக மூட முடியாது. அந்தக் கண்ணால் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வார்டில் ஏதோ ஒரு கட்டிலில் குளுக்கோஸ் பாட்டில் மாற்றுகிற சத்தம் கேட்டது.

"அவளும் வேலைக்குப் போனவளா?" என்றாள்.

"ஆமா."

"நான் எவளோ ராசா வீட்டுப் பொண்ணுன்னு நெனச்சேன்."

எதிர்க் கட்டிலிலிருந்து சண்முகத்தாய், "நானுந்தான்" என்றாள்.

அன்று செல்வலட்சுமி ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை முழுதாக விழுங்கினாள். பஞ்சம்மாள் அதைப் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள். மறுநாள் இரண்டு. அந்த வாரக் கடைசியில் நர்ஸ் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை தோல் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். வைத்தார்கள். ஐந்து நாள் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று கட்டிலோடு சேர்த்து மணல் மூட்டை அணை கொடுத்திருந்தார்கள். பாலகுரு வாசித்தான். இப்போது செல்வலட்சுமி இடையிடையே நிறுத்தி அர்த்தம் கேட்டாள். தெரியாததைத் தெரியாது என்றான். பல்லை ஆட்டுக்கு ஒப்பிட்ட இடத்தில், "இந்த ஆளுக்கு ஆட்ட விட்டா வேற கெடைக்காதா?" என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது.

ஆறாம் நாள் அவன் வந்தபோது எதிர்க் கட்டில் காலியாக இருந்தது. ரெக்சின் மெத்தையை மருந்துத் தண்ணீர் ஊற்றித் துடைத்துக் காயவைத்திருந்தார்கள். தங்கச்சிக்காரியின் பையும் இல்லை. அவன் எதுவும் கேட்காமல் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"விடியக்காலம்" என்றாள் செல்வலட்சுமி. "நெனவு நல்லா இருந்துச்சு. என்னப் பேரு சொல்லிக் கூப்புட்டா. உன் வீட்டுக்காரரு நாளைக்குச் சொல்லுதேன் நாளைக்குச் சொல்லுதேன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு, நீயாச்சும் சொல்லு, அவன் திரும்பி வந்தானா இல்லயான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"வந்துட்டான்னு சொன்னேன். வந்து வாசல்லயே உக்காந்திருந்தான், இவ தேடிட்டு வந்து பாத்தான்னு சொன்னேன். சரின்னா. அப்புறம் பேசல." விட்டத்தைப் பார்த்தபடி கேட்டாள்: "பொய்யா?"

பாலகுரு புத்தகத்தை எடுத்து அந்த இடத்தைத் தேடினான். நாலு தடவை முன்னும் பின்னும் புரட்டினான். "வரலன்னும் எழுதல" என்றான்.

அவள் தலையை மெதுவாக ஆட்டினாள். இழுத்துக் கிடந்த இமை வழியாகக் கண்ணீர் நேராகக் காதுக்குள் ஓடியது. அவன் தன் அங்கியின் ஓரத்தை மடித்து ஒற்றி எடுத்தான். அவள் முகத்தைத் திருப்பவில்லை. அன்று இருவரும் பாட்டு வாசிக்கவில்லை. கம்பிக் கதவுக்கு வெளியே போன பிறகு பார்த்தான், படிக்கட்டில் ஒரு ஆள் கையில் துணிப் பையோடு உட்கார்ந்திருந்தான். நடுவயது, நாலு நாள் தாடி. "தீக்காய வார்டு இதானா தம்பி? காரியாபட்டிலருந்து வாரேன்" என்று கேட்டான். பாலகுரு அவனை உள்ளே கூட்டிப்போய் நர்ஸிடம் விட்டான். தானாக எதுவும் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. இதை அவன் செல்வலட்சுமியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா வேண்டாமா என்று பஸ்ஸில் யோசித்து, முடிவு தெரியாமலே ஊர் வந்து இறங்கினான்.

வைத்த தோல் பிடித்துவிட்டது என்றார்கள். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து மாதம் ஒன்றரை ஆன பிறகு, ஒரு வியாழக்கிழமை, பஞ்சம்மாளுக்குக் காய்ச்சல். டிரஸ்ஸிங் அறையில் மகளைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. எப்போதும் காலையில் முடிகிற வேலை அன்று நாலு மணி வரை தள்ளிப்போயிருந்தது. நர்ஸ் கதவருகே வந்து பாலகுருவைப் பார்த்தாள்.

"உங்க வீட்டம்மாவக் குளிப்பாட்டிக் கட்டு மாத்தணும். தூக்கி உக்கார வச்சுப் பிடிச்சுக்கிடணும். பாத்தா தலை சுத்துமா உங்களுக்கு?"

"சுத்தாது மேடம்."

உள்ளேயிருந்து செல்வலட்சுமியின் குரல் கேட்டது. "அவரு வேண்டாம்."

"வேற ஆள் இல்லம்மா. நாளைக்குத் தள்ளிப் போட்டா கட்டு புண்ணோட ஒட்டிக்கிடும்."

பாலகுரு வெளியே நின்றான். தரையில் இருந்த ஈரக் கால்தடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் அவள், "வரச் சொல்லுங்க" என்றாள்.

சுவரெல்லாம் வெள்ளை ஓடு பதித்த சிறிய அறை. நடுவில் ஓட்டை போட்ட ஸ்டீல் மேசை. உயரமான ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் நேராக உள்ளே வந்தது. அவளை மேசையில் உட்கார வைத்து, அவள் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்துத் தாங்கினான். நர்ஸ் ரப்பர் குழாயைத் திறந்து கட்டின் மேல் தண்ணீர் விட்டாள். துணி ஊறி ஊறி ஒவ்வொரு சுற்றாகக் கழன்றது. செல்வலட்சுமி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் அவன் அங்கியைப் பிடித்து முறுக்கின. கழுத்துக் கட்டு வந்தது. நெஞ்சுக் கட்டு வந்தது. கைகள் இரண்டும் வந்தன. அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்கன என்ன இருக்கு?" என்றாள்.

அவன் திரும்பவில்லை.

"பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க." அவன் அங்கியை இழுத்தாள். "எங்க அம்மா பாத்துட்டு நல்லாருக்கு நல்லாருக்குங்கா. டாக்டரு நல்லாருக்குங்காரு. நீங்க பொய் சொல்லக்கூடாது. அந்தப் புஸ்தகத்துல இருக்கதையும் சொல்லக்கூடாது."

பாலகுரு பார்த்தான். பல்லைக் கடித்து நின்றான். பிறகு, மிஷினில் தாளை அடுக்குவதற்கு முன் ஓரத்தைப் பார்ப்பது போல, மேலிருந்து தொடங்கி மெல்லப் பார்த்தான்.

"நெத்திக்கு மேல முடி வருது" என்றான். "மழ பெஞ்சு நாலு நாளு கழிச்சுக் கம்மங்காட்டப் பாத்தா, தரையோட தரையாப் பச்ச தெரியுமே. அந்த மாதிரி இப்பத்தான் வருது."

அவள் காத்திருந்தாள்.

"எடது கண்ணு இழுத்துத்தான் இருக்கு. கீழ எறங்கிருக்கு. ஆனா பாக்குதது நீதான். கோவத்துல ஒரு பார்வ பாப்பியே, அது அப்படியே இருக்கு."

"காது?"

"மேல பாதி இல்ல."

நர்ஸ் அவனை நிமிர்ந்து பார்த்தாள். செல்வலட்சுமி மூச்சை இழுத்து விட்டாள். பிடித்திருந்த அவள் விரல்கள் கொஞ்சம் தளர்ந்தன.

"மேல சொல்லுங்க."

"கழுத்துல புதுத் தோலு. வேப்பங்கொழுந்து பங்குனில வருமே, பச்சையும் இல்லாம செவப்பும் இல்லாம. வெளிச்சம் உள்ள போயிட்டு வரும். அந்த நெறம். அடில நரம்பு ஓடுதது தெரியுது." நிறுத்தினான். "தொட்டா கிழிஞ்சிருமோன்னு பயமா இருக்கு."

"அழகா இருக்கா?"

அந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. "எனக்குச் சொல்லத் தெரியல புள்ள" என்றான். "கண்ண எடுக்க முடியல."

அவள் நனைந்த தலையை மெதுவாகச் சாய்த்து அவன் தோளில் வைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் தன் முன்னால் நீட்டி, விரல்கள் விரியும் வரைக்கும் விரித்து, வெயிலில் பிடித்தாள்.

"இன்னும் கை இருக்கு, அதயும் சொல்லுங்க" என்றாள்.

அவன் குனிந்து பார்த்தான். நர்ஸ் எட்டிக் குழாயை மூடினாள். தண்ணீர்ச் சத்தம் நின்ற அறையில், அவள் முழங்கையிலிருந்து துளிகள் ஒவ்வொன்றாக ஸ்டீல் மேசையில் விழுந்துகொண்டிருந்தன.